முத்தலிப் தள்ளிய மணல்

சவூதிப் பாலைவனத்தில் இருபது வருடத்துக்குக் கிட்ட டோசர் ஓட்டியவர் எங்கள் காத்தான்குடி முத்தலிப் காக்கா. வேலை ஒன்றுதான்: வீதியில் ஏறிவிடும் மணலைத் தள்ளுவது. இன்றைக்குத் தள்ளினால் நாளைக்கு அதே இடத்தில் மணல் படுத்திருக்கும். திரைகடலோடித் திரவியம் தேடியவருக்கு மிஞ்சியது ஓட்டு வீடும் இடுப்பு வலியும்தான். வீடும் கடற்கரைப் பக்கம். மனைவி ஜெமீலா வாசல் கூட்டும் சத்தம் கேட்டாலே, "விடு புள்ள, நாளைக்கும் வரும்" என்பார்.

எதைக் கேட்டாலும் கையை விரிக்கும் மனிதர். எனக்குச் சில நாள் எரிச்சலாகவே இருக்கும். மணல்மேட்டைப் பற்றி மட்டும் கேட்காமலே சொல்லுவார். அது மலை மாதிரி நிற்பதில்லையாம், நடக்குமாம். காற்றடிக்கும் பக்கத்து மணல் உச்சிக்கு ஏறி, மறுபக்கம் சரிந்து சரிந்து மேடே முன்னால் போய்விடுமாம்.

அவர் ஒளித்துத் திரிந்தது நஸீபாவுக்கு மட்டும்தான். அவள் கணவன் றுஸ்தி சவூதியில் காக்கா தங்கியிருந்த அதே கேம்பில் சமையல்காரனாக இருந்து மௌத்தாகி, அங்கேயே அடக்கப்பட்டவன். தலைமாட்டில் கல் நட்டவர் முத்தலிப் காக்கா. வெள்ளிக்கிழமைகளில் போய் கபுறில் ஏறிய மணலை ஒதுக்கிவிட்டு வருவார். அவர் ஊர் திரும்புவதற்குக் கொஞ்சம் முந்தி, பெரிய மேடொன்று நடந்து வந்து கபுறுகள் இருந்த மையவாடி முழுவதையும் மூடிவிட்டது. அதை அவளிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

இப்போது நஸீபா உம்றா செய்ய மக்காவுக்குப் போகிறாள். தூர நின்றாவது கணவனுக்கு ஸலாம் சொல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. வழி கேட்டு அவள் வந்தபோது நானும் காக்கா வீட்டில் இருந்தேன்.

"காக்கா, கபுறு எந்தப் பக்கம் இரிக்கி? அங்க வேலை செய்ற மச்சான்ட மகன் கார்ல கூட்டிப் போறன் எண்டான்."

"போகாத தங்கச்சி. மேடு ஏறிட்டு. கல்லும் தெரியா, ஒண்டும் தெரியா."

"தள்ளேலாதா?"

"டோசரக் கேட்டன். றோட்டுக்கு மட்டும்தான் எண்டுட்டானுகள். கையாலயும் தள்ளிப் பாத்தன். ஏலாமப் போச்சு."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அவர்மேல் எரிச்சல்பட்டதற்கு வெட்கமாக இருந்தது.

நஸீபா அழவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"மேடு நடக்கும் எண்டு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லித் திரியிறீங்க? அப்ப ஒருநாளைக்கு அவர விட்டுட்டும் போகும்தானே?"

காக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ஓம்… போகும்" என்றார். "நாமெல்லாம் மௌத்தான பிறகுதான் போகும்."

"போகட்டும். எந்தப் பக்கம் எண்டு மட்டும் சொல்லுங்க. மேட்டப் பாத்து ஸலாம் சொல்லிட்டு வாறன்."

முத்தலிப் காக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். வாசலில் ஜெமீலா கூட்டிக் குவித்திருந்த மணலைக் கையால் பரப்பி, விரலால் பாதை கீறத் தொடங்கினார்.