ரங்கூன் பெட்டியின் பூட்டு

திண்டுக்கல் பூட்டு ரிப்பேர்க்காரர் அந்தக் கருவியை எனக்கு விற்றாரே தவிர, எப்படிப் பிடிப்பது என்று சொல்லவில்லை. விரல் நீளக் குழல். அதற்குள் ஒரு கம்பி. இரண்டின் நுனியிலும் கொக்கி. குழல், பூட்டின் தாழை இழுத்துப் பிடிக்க வேண்டும். கம்பி, உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும்.

பத்திரிகைக்குச் செய்தியைத் தபாலில் சேர்த்துவிட்டு, மத்தியானங்களில் ஒரு பழைய பூட்டோடு உட்காருவேன். மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் கை சோர்ந்து பிடி தளர்ந்தபோது பூட்டு திறந்துகொண்டது. அத்தனை நாளும் நான் அழுத்திய அழுத்தத்தில் தகடுகள் இறுகிக் கிடந்திருக்கின்றன.

பர்மாவில் குண்டு விழுந்த சில மாதங்களுக்குப் பின் அடுத்த வீட்டு அக்கா வந்தார். அவர் கணவருக்கு ரங்கூனில் கடை வேலை. சண்டைக்கு முன்பே ஊர்க்காரர் ஒருவர் மூலம் தன் தகரப் பெட்டியைக் கப்பலில் அனுப்பிவிட்டு, சாவியைத் தன்னிடமே வைத்துக்கொண்டிருந்தார். பிறகு கடிதம் இல்லை. பர்மாவிலிருந்து நடந்து தப்பியவர்கள் புதுக்கோட்டை ஸ்டேஷனில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் காட்டி விசாரிக்கக் கணவரின் போட்டோ வேண்டும். இருந்த ஒரே போட்டோ பெட்டிக்குள்.

“உடைச்சா ரெண்டு நிமிசந்தானேக்கா” என்றேன்.

“செத்தவுக பெட்டியத்தான் தம்பி ஒடைப்பாக. அவுக சாவியோட வருவாக. அப்பப் பூட்டு பூட்டா இருக்கணும்.”

அடுத்தவர் பூட்டில் நான் கை வைத்ததில்லை. தகடு வளைந்துவிட்டால் அவர் சாவியும் திரும்பாது. தயங்கினேன்.

“நாளெல்லாம் அந்த ஓட்டைப் பூட்டோட மல்லுக்கட்டுறீங்க. எம் பூட்டுன்னா மட்டும் யோசனையா?”

ஆறு தகடுகள். ஒரு மணி நேரம் ஆயிற்று. மடித்த வேட்டிகளின் மேல் போட்டோ இருந்தது. அக்கா அதை மட்டும் எடுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினார்.

“பூட்டிருங்க.”

அப்போதுதான் உறைத்தது. அது அமுக்கினால் பூட்டிக்கொள்ளும் ரகம் அல்ல. பூட்டவும் சாவி வேண்டும். திறக்கப் பழகியிருந்தேனே ஒழிய, பூட்டிப் பார்த்ததே இல்லை. ஆறு தகடுகளையும் மறுபடி தூக்கி, தாழை எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். விளக்கு வைக்கும் நேரம் வரை ஆனது. அக்கா போட்டோவை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார்.

போட்டோவோடு பல நாள் ஸ்டேஷனுக்குப் போனார். யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு காலை ரயிலில் கணவரே வந்து இறங்கினார், எலும்பும் தோலுமாக. சாவி அரைஞாண் கயிற்றில் இருந்தது.

அவர் பெட்டியைத் திறக்கும்போது நானும் போய் நின்றேன். சாவி திரும்பியது. மூச்சு விட்டேன். அவர் வேட்டிகளைப் புரட்டினார்.

“போட்டோவக் காணமே.”

அக்கா இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினார். அவர் போட்டோவைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். நான் கருவியைக் கொண்டுவந்து செய்து காட்ட வேண்டியதாயிற்று. பூட்டி, மறுபடி திறக்கும் வரை கண் எடுக்காமல் பார்த்தார்.

“அப்ப அம்புட்டுக் காட்டுக்குள்ளயும் இந்தச் சாவிய நான் எதுக்குத் தம்பி சொமந்துக்கிட்டு வந்தேன்?”

சொல்லிவிட்டு, சாவியைத் திரும்ப அரைஞாண் கயிற்றிலேயே முடிந்துகொண்டார்.