பனிக்கட்டியில் வந்த குப்பி

1985 மாசி: யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஓர் ஆய்வுகூடத்தில் முளையவியல் பயிற்சிக்கு இருவர் சேர்ந்தோம். பங்குனி: குருநகரிலிருந்து ஒரு மீனவர் தம் விந்து மாதிரியைக் கொண்டுவந்தார். 1987 ஆவணி: என்னுடன் பயின்றவரை மணந்தேன். இவ்வாண்டு தை: அவர் காலமானார்.

முட்டை ஓட்டில் சிறு சாளரம் வெட்டி, உள்ளே துடிக்கும் குஞ்சின் இதயத்தைப் பார்ப்பதே அந்த மீனவர் வரும்வரை எங்கள் பயிற்சி. மனித மாதிரியை நாங்கள் தொட்டது அன்றுதான். மீனவருக்கு மணமாகிப் பல ஆண்டுகள், பிள்ளையில்லை.

"எனக்குப் பிள்ளை கிடைக்குமோ எண்டு மட்டும் சொல்லுங்கோ. இல்லையெண்டால் இல்லையெண்டே சொல்லுங்கோ. நேர்த்தி வைச்சு வைச்சுக் களைச்சுப் போனம்," என்றார்.

நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். விந்தணுக்கள் நிறைந்திருந்தன, ஒன்றேனும் அசையவில்லை. எங்கள் விரிவுரையாளரும் குனிந்து பார்த்தார்.

"எல்லாம் செத்துப் போச்சு. எழுதும்."

என்னுடன் பயின்றவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். "பொறுங்கோ சேர். வாலெல்லாம் சுருண்டெல்லோ கிடக்கு. இவ்வளவும் ஒண்டாச் சாகுமே?" குப்பியைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மீனவரிடம் திரும்பினார். "அண்ணை, இதை எப்பிடிக் கொண்டந்தனீங்கள்?"

"ஐஸ் பெட்டியிலை, தங்கச்சி. மேலையும் கீழையும் வடிவா ஐஸ் போட்டு."

"ஏன் ஐஸ்?"

"பழுதாப் போகாமல் இருக்கத்தான். நாங்கள் எதைத்தான் ஐஸில்லாமல் கொண்டு போறனாங்கள்?"

"நல்ல காலம், உப்புப் போடேல்லை," என்றார் விரிவுரையாளர்.

மீனவரும் சிரித்தார். பிறகு, "அப்ப நானோ சாக்காட்டினனான்?" என்று கேட்டார்.

"உதுகள் குளிர் தாங்காது, அண்ணை. அடுத்த கிழமை குப்பியைச் சட்டைக்குள்ளை, உடம்போடை அணைச்சுக் கொண்டு வாங்கோ. வழியிலை கதைச்சுக்கொண்டு நிக்காதேங்கோ."

குளிர் விந்தணுவை முடக்கும் என்பதைக் காளைகளைப் பற்றிய பாடத்தில் இருவரும் படித்திருந்தோம். குருநகர்க்காரர் ஒருவர் எதை எப்படிக் காப்பாற்ற நினைப்பார் என்று கேட்டுப் பார்க்க என்னுடன் பயின்றவருக்கே தோன்றியது.

மறுகிழமை மீனவர் ஒற்றைக் கையால் சைக்கிள் ஓட்டி, மறு கையை நெஞ்சில் வைத்தபடி வந்துசேர்ந்தார். மாதிரி இளஞ்சூடாக இருந்தது. கண்ணாடித் துண்டில் ஒரு துளி வைத்துப் பார்த்தபின், அவரையே பார்க்கச் சொன்னோம்.

"கீரிமீன் மாதிரியெல்லோ ஓடுதுகள்," என்றார். சற்றுப் பொறுத்து, "உதெல்லாம் என்ரையே?"

"பின்னை என்ரையே?" என்றார் விரிவுரையாளர்.

மீனவர் எழுந்திருக்கவில்லை, நாங்களும் எழுப்பவில்லை. அசைவு போதுமானது என்று எழுதிக் கொடுத்தோம். அடுத்ததாக மனைவியை அழைத்து வருவதாகச் சொல்லிப் போனார். பின்னர் கோட்டை இராணுவ முகாமிலிருந்து ஷெல் விழத் தொடங்கிற்று. குருநகர்ச் சனம் இடம்பெயர்ந்தது. அவர்கள் வரவில்லை.

செய்யாது நின்றவை:

இன்னொரு மாதிரியைச் சோதித்து முடிவை உறுதிசெய்தல்.

அவர் மனைவியின் கருக்குழாய்கள் திறந்துள்ளனவா என்று பார்ப்பித்தல்.

அவர்களுக்குப் பிள்ளை பிறந்ததா என்று குருநகரில் விசாரித்தல். இதற்கு நாங்கள் இருவருமாகப் போவதாக இருந்தது.