பழைய யூதர் தெருக்களில் எங்கள் அக்கா

அக்கா இல்லாத ஓராண்டு கடந்துவிட்டது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் சிலர் அவரை டென்மார்க்கின் வைலே நகரில் பக்கத்து வீட்டுக்காரியாக அறிவீர்கள். சிலர் புரொண்பியில் விசேட நாட்களில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியாகச் சாப்பிட உட்காருபவராக அறிவீர்கள். செத்தவீட்டில் பலர் என்னிடம், "பயமே தெரியாத மனுசி" என்று சொன்னார்கள். அன்பினால் சொன்னார்கள். ஆனால் அது உண்மையில்லை. அக்கா மிகவும் பயந்தவர். அந்தப் பயத்தோடு அவர் வாழ்ந்ததைத் தங்கையாகிய நான் எழுத வேண்டியிருக்கிறது.

அக்கா பருத்தித்துறையில் எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அத்தானைக் கைப்பிடித்து வைலேக்கு வந்து, இருவரும் தொழிற்சாலையில் மாறிமாறி வேலை செய்து இரண்டு பெண்பிள்ளைகளை வளர்த்தார்கள். அத்தான் திடீரென்று காலமானபோது பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைக் கூட்டிக்கொண்டு கொப்பன்ஹேகனை ஒட்டிய புரொண்பிக்கு மாறினார். வயோதிபர்களை வீடு வீடாகச் சென்று பராமரிக்கும் வேலையைப் படித்து எடுத்தார். அவருக்குக் கிடைத்த பகுதி கொப்பன்ஹேகன் பழைய நகரம், வட்டக் கோபுரத்தை ஒட்டிய தெருக்கள்.

அவை ஒரு காலத்தில் யூதர்கள் செறிந்து வாழ்ந்த தெருக்கள். அரசரின் அனுமதியோடு வந்த வணிகர்கள் முதலில் குடியேறினார்களாம். பல தலைமுறைகளுக்குப் பின் ரஷ்யாவிலிருந்து அடிபட்டு ஓடிவந்த ஏழைத் தையற்காரர்கள் பின்கட்டு வீடுகளில் வந்து நெருங்கினார்கள். முற்றங்களில் எந்நேரமும் தையல் இயந்திரச் சத்தம் கேட்குமாம். முன்னரே வந்து வசதியானவர்களுக்குப் புதிதாக வந்தவர்களின் பேச்சும் உடுப்பும் வெட்கமாக இருந்ததாம். "எங்கட ஆக்களைப் போலத்தான்" என்று அக்கா சொல்லிச் சிரிப்பார். இப்போது அங்கே யூதக் குடும்பங்கள் குறைவு. தொழுகைக்கூடம் இருக்கிறது, அதன் வாசலில் காவல் இருக்கிறது. பல வீடுகளின் கதவு நிலையில், சரிவாக அறைந்த சிறிய உறை ஒன்று பல பூச்சு வர்ணத்துக்கு அடியில் புடைத்துத் தெரியும். உள்ளே வேதவசனம் இருக்கும் என்பதை அக்கா அறிந்துகொண்டது, அப்படியொரு கதவுக்குப் பின்னால் தனியாக வாழ்ந்த ஹன்னா என்ற மூதாட்டியிடம். அவரை அக்கா எங்களிடம் "ஹன்னா மாமி" என்றே சொல்லுவார். இருவரும் டேனிஷில் கதைத்ததை எங்கள் தமிழிலேயே திருப்பிச் சொல்லுவார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

2009 ஆம் ஆண்டின் தொடக்கம் உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். போர் நடந்த வன்னிக்குள் எங்கள் அம்மாவும், தம்பியும், அவன் மனைவியும், சின்ன மகளும் அகப்பட்டிருந்தார்கள். தொலைபேசித் தொடர்பு அறுந்து வாரக்கணக்காகியிருந்தது. நான் குடியிருந்த சில்க்போர்க் ஊரிலிருந்து ஒவ்வொரு நாளும் அக்காவை அழைப்பேன். "ஏதும் தெரியுமோ?" "இல்லை." அவ்வளவுதான் எங்கள் பேச்சு. அக்காவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வேலையிடத்தில் ஒருவரிடமும் அவர் வாய் திறக்கவும் இல்லை.

அந்த நாட்களில் ஒரு பகல் அக்கா ஹன்னா மாமி வீட்டுச் சாவியை அலுவலகத்தில் மறந்துவிட்டுப் போயிருந்தார். மணியை அடித்தார், பதில் இல்லை. காலையில் வானொலியில் கேட்டதெல்லாம் தலைக்குள் சுழன்றுகொண்டிருந்தது. மூதாட்டி உள்ளே இறந்து கிடக்கிறார் என்ற எண்ணம் வந்ததும், இரண்டு கைகளாலும் கதவில் ஓங்கிஓங்கி அடித்துக் கூப்பிட்டார். சத்தம் கேட்டுக் கட்டடப் பராமரிப்பாளர் வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வீட்டுக்குள் யாரையும் காணவில்லை. கடைசியில் படுக்கையறை அலுமாரியை அக்கா திறந்தார். தொங்கிய உடுப்புகளுக்குப் பின்னால் ஹன்னா மாமி குளிர்கோட்டுப் போட்டு, சப்பாத்துப் போட்டு, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி குந்தியிருந்தார்.

"அவங்கள் போயிட்டாங்களோ?" என்று கேட்டார்.

"நான்தான். வேறை ஒருத்தரும் இல்லை."

"ஏன் பிள்ளை அப்பிடித் தட்டினனீ?"

"நீங்கள் செத்துப்போயிட்டீங்கள் எண்டு பயந்திட்டன்."

அக்கா அலுமாரியின் வாசலிலேயே இருந்து அழுதார். அன்றுதான் அம்மாவையும் தம்பியையும் பற்றி முதன்முதலாக ஒரு வெளியாளிடம் சொன்னார்.

ஹன்னா மாமியும் சொன்னார். சிறுமியாக இருந்தபோது அதே வீட்டில், அதே அறையில்தான் இருந்தவர். ஜேர்மன் படை யூதரைப் பிடிக்க வந்த 1943 ஒக்டோபரில், தாயும் தகப்பனும் அவரும் அலுமாரிக்குள் ஒளிந்திருந்தார்கள்.

"கதவை உடைக்கவேண்டாம் எண்டு அவங்களுக்குக் கட்டளையாம். அது எங்களுக்குத் தெரியாது. தட்டினாங்கள். நாங்கள் மூச்சு விடேல்லை. முன்வீட்டிலை இருந்த அத்தை பயத்திலை திறந்திட்டா. அவவைக் கொண்டு போயிட்டாங்கள். அடுத்த கிழமை நாங்கள் மீன்பிடி வள்ளத்திலை சுவீடனுக்குப் போனம்."

வைகாசியில் வன்னியில் போர் முடிந்ததாக அறிவித்தார்கள். அலுவலகத்தில் அக்காவின் மேலாளர் கைகொடுத்து, சண்டை முடிந்ததற்கு வாழ்த்துச் சொன்னார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். அக்கா நன்றி சொன்னார். பின்பு வழமைபோல ஹன்னா மாமி வீட்டுக்குப் போனார். மாமி வாழ்த்துச் சொல்லவில்லை. வானொலியை நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"அம்மா எங்கை?"

"தெரியாது."

"தம்பி?"

"தெரியாது."

"அப்ப உனக்கு இன்னும் முடியேல்லை." பிறகு சொன்னார்: "எங்கட போர் முடிஞ்ச அண்டு இந்தத் தெருவிலை எல்லாரும் ஜன்னலிலை மெழுகுதிரி கொளுத்தினவையாம். நாங்கள் சுவீடனிலை அத்தை எங்கை எண்டு விசாரிச்சுக்கொண்டிருந்தம்."

"அத்தை வந்தவவோ?" என்று அக்கா கேட்டார்.

"கோப்பி ஆறுது, குடி" என்றார் மாமி.

சில வாரங்களின் பின் ஒரு மத்தியானம், அக்கா மாமியின் குசினியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

"அக்கா, நான் தம்பி. ஆற்றையோ போனிலை எடுக்கிறன், கனக்கக் கதைக்க ஏலாது. நாங்கள் மூண்டு பேரும் முகாமிலை இருக்கிறம்."

நான்கு பேர் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று பேர். அக்காவால் கேட்க முடிந்தது, "சாப்பிட்டனீங்களோ?" என்பது மட்டும்தான். "ஓம் அக்கா" என்றான். தொடர்பு நின்றுவிட்டது. அம்மாவைப் பற்றி அவர் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

ஹன்னா மாமி தண்ணீர்க் குழாயைப் பூட்டிவிட்டு அக்காவைக் கதிரையில் இருத்தினார். "அத்தை வரேல்லை" என்றார். "கொண்டுபோன முதல் மாரியிலையே முடிஞ்சுதாம். அது தெரியாமல் என்ரை அம்மா அவவுக்கும் ஒரு தட்டு வைச்சுக்கொண்டு வந்தவ." அங்கிருந்துதான் அக்கா என்னை அழைத்தார். "தம்பி இருக்கிறான். அம்மா இல்லை."

அத்தோடு பயம் தீரவில்லை. முகாமிலிருந்து ஆட்களைப் பிடித்துப் போகிறார்கள் என்ற செய்திகள் வந்தபடி இருந்தன. தம்பி குடும்பத்தோடு டென்மார்க் வந்து சேரச் சில வருடங்கள் சென்றன. அதற்குள் ஹன்னா மாமி காலமாகிவிட்டார். தம்பி வந்த நாள் முதல் அக்கா உறவினர் எல்லோரிடமும் ஒன்றைக் கண்டிப்பாகச் சொன்னார்: "அவன் வீட்டை போறதெண்டால் கீழை நிண்டு போன் எடுங்கோ. கதவைத் தட்டாதேங்கோ." எங்களைத் தம்பி வீட்டுக்கு வரவிடாமல் தடுக்கிறா என்று உங்களில் சிலர் அப்போது கோபித்தீர்கள். அக்கா யாருக்கும் விளக்கம் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னார் என்று இப்போது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

கடைசி மாதங்களில் நோய் நுரையீரலைப் பிடித்தது. மூச்சு முட்டும்போதெல்லாம் அக்காவின் கண்கள் எங்கள் முகங்களைத் தேடும். பிள்ளைகள் டேனிஷில், பயப்பட வேண்டாம் அம்மா என்று திரும்பத்திரும்பச் சொன்னார்கள். ஒருநாள் அக்கா அவர்களை நிறுத்தினார். "எனக்குப் பயமாத்தான் கிடக்கு. பயப்படாதேங்கோ எண்டு சொல்லாதேங்கோ. பக்கத்திலை இருங்கோ." அதன் பிறகு யாரும் அவருக்குத் தைரியம் சொல்லவில்லை. முறைவைத்து இருந்தோம். வன்னியில் ஆஸ்பத்திரி மேலும் ஷெல் விழக் கண்டதால் ஆஸ்பத்திரி வாசலைக் கண்டாலே நடுங்கும் தம்பி உள்ளே வந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஒரு காலை நேரம் அவர் அப்படியே போய்விட்டார்.

அக்காவுக்காகச் சமைத்துக் கொண்டுவந்தவர்களுக்கும், வைலேயிலிருந்து ரயிலேறி வந்து பார்த்தவர்களுக்கும், இறுதிக் கிரியையில் பின்வரிசையில் தலையில் சிறு தொப்பியுடன் நின்று தன் தாயைப் பராமரித்தவருக்கு மரியாதை செய்த ஹன்னா மாமியின் மகனுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இன்னும் ஒருவர் இருக்கிறார். அக்காவின் உயிர் பிரிந்த பின்பும் தம்பி அவர் கையை விடவில்லை. உடலைத் துடைத்து ஆயத்தம் செய்ய வந்த இளம் தாதி அதைக் கண்டதும், தண்ணீர்ப் பாத்திரத்தைச் சத்தமில்லாமல் கீழே வைத்துவிட்டு, அவன் தானாகக் கையை எடுக்கும்வரை சுவரோரமாக நின்றார். அவர் பெயரைக் கேட்டு வைக்க எங்களுக்குத் தோன்றவில்லை. அவருக்கு எங்கள் நன்றி.