அடுப்பு வெயில்

"அன்னைக்கு வெயிலா, மப்பா?"

கழுவித் தரச்சொல்லி நீட்டும் ஃபிலிம் ரோலைக் கையில் வாங்கியதும் அவள் கேட்கும் முதல் கேள்வி இதுதான். பெயர், விலாசமெல்லாம் அப்புறம். "நல்ல வெயில்தான்" என்று சும்மா சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. நிழல் எந்தப் பக்கம் விழுந்தது, போட்டிருந்தது வெள்ளைச் சட்டையா என்று துருவுவாள். போன மாதம் ஒரு தபால்காரர், படம் எடுத்த நாளை நினைவுக்குக் கொண்டுவரக் கண்ணை மூடியவர், அப்படியே நாற்காலியில் தூங்கிப்போனார். அவள் எழுப்பவில்லை. "நல்லா யோசிக்கிறாரு, விடுங்க" என்றாள்.

பகலில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. மாலையில் வீடு திரும்பியதும் குளியலறை ஜன்னலில் கறுப்புத் துணியை மாட்டிவிடுவாள். நான் மேல்வீடு. அந்தத் துணி ஏறிவிட்டால் எங்கள் கட்டடத்தில் எல்லோரும் படியில் பூனைநடை நடப்பார்கள். சத்தத்துக்கும் ஃபிலிமுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லையென்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

குளியலறை அலமாரியில் மூன்று பழுப்பு பாட்டில்கள். ஃபிலிமுக்குள் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் படத்தை வெளியே வரவழைக்கும் மருந்துகள். மூன்றுக்கும் அவள் பெயர் வைத்திருக்கிறாள். 'சாது' பதமாக வேலை செய்யும், முகங்களுக்கு நல்லது. 'முன்கோபி' இருட்டில் எடுத்ததைக்கூட இழுத்துக்கொண்டு வந்துவிடும், ஆனால் வெளிச்சமான இடங்களைச் சுட்டு வெளுக்க வைத்துவிடும். 'தூங்குமூஞ்சி'யை நிறையத் தண்ணீர் விட்டுக் கலந்து, ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட வேண்டும். அதுபாட்டுக்கு இருட்டு, வெளிச்சம் இரண்டையும் சுமாராகச் செய்துகொண்டிருக்கும். எந்த மருந்தில் எவ்வளவு நேரம் என்று ஃபிலிம் டப்பாவிலேயே அச்சடித்திருக்கிறது. அவள் அதை மதிப்பதே இல்லை. "அவன் நம்ம வெயிலப் பாத்தானா?" என்று அரை நிமிஷம் கூட்டுவாள், இல்லை அரை நிமிஷம் குறைப்பாள். கட்டடத்தில் அவளுக்கு அரைநிமிஷம் என்றே பெயர்.

கும்மிருட்டில் ஃபிலிமைச் சுருளில் ஏற்றும்போதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாளாம். எப்படியும் ஒன்றும் தெரியாதே, எதற்கு என்றேன். "கண்ணு தொறந்திருந்தா கை சோம்பேறியாயிடும்" என்றாள்.

இந்தப் பைத்தியம் அவள் அப்பாவிடமிருந்து வந்தது. ஓய்வுபெற்ற ரயில் கார்டு. கண்ணில் புரை விழுந்த பிறகும் மனிதர் கேமராவை விடவில்லை. கன்னத்தை வானத்துக்குக் காட்டி, தோலில் ஏறும் சூட்டை வைத்து வெளிச்சத்தை அளப்பார். பிறகு கேமராவில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வளையத்தைத் திருப்பி, குரல் வந்த பக்கம் பார்த்து அமுக்குவார். பாதிக்குமேல் சரியாகவே இருக்கும்.

கண் ஆபரேஷனுக்கு முன்னால் ஒரு ரோல் எடுத்தார். வாசலில் மகளை நிறுத்தி இரண்டு, சமையலறையில் அம்மா ஒன்று, மறுபடி வாசல், மறுபடி சமையலறை என்று கலந்துகட்டி.

அந்த அம்மாவுக்குக் கேமராவைக் கண்டாலே முகம் சுவருக்குத் திரும்பிவிடும். கல்யாண ஆல்பத்தில்கூடப் பின்னந்தலைதான். இந்தத் தடவை, இவருக்குத்தான் ஒன்றும் தெரியாதே என்று திரும்பாமல் நின்றுவிட்டார்.

"கட்டு அவுத்ததும் மொதல்ல அந்தப் படத்தத்தான் பாப்பேன்" என்றார் அப்பா.

"ஏன், நான் நேர்ல இல்லியா?" என்றார் அம்மா.

"நேர்ல நீ திரும்பிக்குவ."

ரோலைக் கழற்றும்போதுதான் அவள் கவனித்தாள். கடைசிப் படம் சமையலறையில். வளையமோ முழு வெயிலுக்கான அளவில் நிற்கிறது. அம்மாவை விசாரித்தபோது விஷயம் புரிந்தது. அப்பா அடுப்புப் பக்கம் கன்னத்தைக் காட்டியிருக்கிறார். அடுப்புச் சூட்டை வெயில் என்று நினைத்து, அந்த மங்கல் அறையை வாசலைப் போலவே எடுத்து வைத்திருக்கிறார்.

ஃபிலிம் ஒன்று, அதற்கு ஒரே மருந்து, ஒரே நேரம். சாதுவில் போட்டால் வாசல் படங்கள் அழகாக வரும், அம்மா வரவே மாட்டார். முன்கோபியில் அதிக நேரம் விட்டால் அம்மா வருவார், வாசல் வெந்துபோகும்.

"வெட்டித் தனித்தனியாப் போட முடியாதா?" என்று கேட்டு வைத்தேன்.

"மாத்தி மாத்தி எடுத்திருக்காரே. இருட்டுல கத்தரி அம்மா கழுத்துல விழுந்தா?"

"அப்போ தூங்குமூஞ்சி?"

"ரெண்டும் அரைகுறையா வரும். ரெண்டு பேருமே மூஞ்சியத் தூக்கிவெச்சுக்குவோம்."

சிரித்தாள். ஆனால் எனக்குத் தெரியும். ஊரார் முகமெல்லாம் அவள் பீரோவில் நெகட்டிவாகக் கிடக்கிறது. அவளை யாரும் ஒழுங்காக ஒரு படம் எடுத்ததில்லை. அன்று புதுச்சட்டை போட்டு, தலையை இரண்டு முறை வாரிக்கொண்டு நின்றிருக்கிறாள். பெரிதாகப் பிரிண்ட் போட்டுக் கூடத்தில் மாட்ட ஆணிகூட அடித்தாகிவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை. சாதுவையே எடேன் என்று சொல்ல வாய்வரை வந்தது.

அவள் முன்கோபியை எடுத்தாள்.

நான் கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்திருந்தேன். ஃபிலிமும் மருந்தும் போட்டு மூடிய டப்பாவை மெல்லச் சாய்த்து நிமிர்த்திக்கொண்டே இருந்தாள். குழாய் எங்கோ சொட்டியது. நேரம் முடிந்தது. மருந்தைக் கொட்டப்போனவள் நின்றாள். "இன்னும் அரை நிமிஷம்" என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

கட்டு அவிழ்த்த மறுநாள் நானும் போயிருந்தேன். அப்பா முதல் பிரிண்டை ஜன்னலில் பிடித்துப் பார்த்தார். மாவு தூவினாற்போல் சொரசொரவென்று ஒரு சமையலறை. அதற்குள் கரண்டியும் கையுமாக அம்மா, நேராகப் பார்த்துக்கொண்டு. வெகுநேரம் அதையே பார்த்தார். அம்மா வழக்கம்போல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த பிரிண்டில் வாசல் இருந்தது. வாரிய தலை இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை.

"அன்னைக்கு வெயில் ஜாஸ்திப்பா" என்றாள் அவள்.

அவர் இரண்டு பிரிண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அவருக்குத் தெரியாத மருந்தா? மகளைக் கையைப் பிடித்து ஜன்னலோரம் நிறுத்தினார். கண்ணை மூடி, தன் கன்னத்தை அவள் கன்னத்தோடு வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். இன்னொரு கை மேசைமேல் கேமராவைத் தேடிக்கொண்டிருந்தது.