கழுத்தில் தொங்கிய கோது

இன்று மத்தியானம் செல்வம் அண்ணை, ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில் நான் வேலைசெய்யும் கமராக் கடைக்கு வந்தார். கையில் யாழ்ப்பாணத்திலிருந்து அவரது மனைவி எழுதிய கடிதம்.

எங்கள் கடைக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் கமராக்கள் வெறும் கோது. ஜேர்மன்காரர் அவற்றை 'அட்ராப்பெ' என்பார்கள். பார்க்கத்தான் கமரா, உள்ளே ஒன்றுமில்லை.

போன கோடையில் அதில் பெரியதொன்றை அண்ணையின் கழுத்தில் மாட்டி, முதலாளியின் கமராவால் ஒரு படம் எடுத்துக் கொடுத்தேன்.

"கோதெண்டு அங்கை ஆருக்கண்ணை தெரியப்போகுது? படத்தை வீட்டுக்கு அனுப்புங்கோ" என்று சொன்னதும் நான்தான்.

"வாசி தம்பி" என்று கடிதத்தை நீட்டினார்.

"உங்கடை கமராவை இங்கை வாற ஆரிட்டையாவது குடுத்துவிடுங்கோ. மகள் நல்லா வளந்திட்டாள். நாங்கள் படமெடுத்து அனுப்பிறம், நீங்களும் பாக்கலாம்."

"இனி நான் என்னெண்டு பதில் எழுதுறது?" என்றார்.

கடிதத்தை மடித்துக் கொடுத்தேன்.

உங்களில் யாரிடமாவது பழைய கமரா சும்மா கிடந்தால் எழுதுங்கள். படம் எடுக்கக்கூடியதாக இருக்க வேண்டும். படத்தில் எடுப்பாக இருப்பவை எங்கள் கடையிலேயே நிறைய உண்டு.