மழைச்சோறு எடுத்த வருஷம்

சாமியோடு நான் பேச்சை நிறுத்தியிருந்த வருஷம் அது. காலையில் எழுந்து வாசல் கூட்டுவேன், அடுப்பைப் பற்றவைப்பேன், மாரியம்மன் கோயில் இருக்கும் பக்கம் மட்டும் திரும்ப மாட்டேன். கேட்டதைத் தராதவளிடம் தினமும் போய்க் கைகட்டி நிற்க எனக்கென்ன தலையெழுத்தா? ஊரில் எனக்குச் சண்டைக்காரி என்று பேர். அதை நான் மறுத்ததும் இல்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பர்மா அரிசி நின்றுவிட்டது என்று கம்பைநல்லூர்ச் சந்தைக்குப் போய்வந்தவர்கள் சொன்னார்கள். அரிசி எங்களுக்கு எப்போதும் விருந்துக்குத்தான். எங்கள் வயிறு நம்பியிருந்தது ராகியையும் சாமையையும். அந்த ராகியும் விட்ட நாற்றங்காலிலேயே கருகிப்போனது. கிணற்றை எட்டிப் பார்த்தால் அடிப்பாறை தெரிந்தது.

குடகுக் காப்பித் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருவன் ஊருக்குள் வந்து போனான். அடுத்த மாசம் சந்தை நாளில் மறுபடி வருவான், வருகிறவர்கள் மூட்டை கட்டி வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சரி என்று சொல்லிவிட்டு வந்து நின்றார். குடகு என்றாலே குளிர்காய்ச்சல். எங்கள் ஊரிலிருந்து அதற்கு முன்னால் போன குடும்பங்களில் சில, பெற்ற பிள்ளைகளை அங்கேயே மண்ணில் போட்டுவிட்டுத் திரும்பியிருந்தன. என் மகளுக்கு அப்போது மூன்று வயசு. சும்மாவே சளியும் காய்ச்சலுமாகக் கிடக்கிற உடம்பு. வீட்டில் தினம் சண்டை. "இங்க இருந்து மட்டும் என்னத்தத் திங்கறது, சொல்லு புள்ள" என்பார். நான் இன்னும் சத்தமாகக் கத்துவேன்.

அந்த நிலையில்தான் மழைச்சோறு எடுக்க வேண்டும் என்று பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். மழை பொய்த்தால் எங்கள் பக்கத்தில் செய்கிற வழக்கம் அது. பெண்கள் பானை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்ச் சோறு கேட்க வேண்டும். களியோ கூழோ, அந்தந்த வீட்டில் இருப்பதைப் போடுவார்கள். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, உப்புப் போடாமல், ஏரிக்கரையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பிறகு மாரில் அடித்து அழுதுகொண்டே ஊரைவிட்டுப் போவதுபோல நடக்க வேண்டும். ஊர் ஆம்பிளைகள் எல்லையில் வந்து மறித்து, போகாதீங்க என்று சமாதானம் சொல்லித் திருப்பிக் கூட்டிவர வேண்டும். அந்த அழுகையைக் கேட்டு வானம் இரங்கும் என்பது நம்பிக்கை.

"நான் வல்ல. நெசமாவே ஊர விட்டுப் போறவளுக்கு வேஷம் எதுக்கு?" என்றேன்.

பக்கத்து வீட்டு அக்கா விடவில்லை. "அதனாலதான்டி நீ வரோணும். எங்களுக்கெல்லாம் அழுவ வராது, உனக்கு நல்லா வரும்" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

ஏரிக்கரையில் சாப்பிட்டு முடித்து அழுதுகொண்டே நடந்தோம். எல்லை வேப்பமரத்தடியில் ஆம்பிளைகள் நின்றார்கள். முன்னால் மணியக்காரர். எச்சில் கையால் காக்கை ஓட்டமாட்டார் என்று ஊரே சொல்லும் மனுஷன். அவர்தான் வழக்கப்படி கேட்க வேண்டும், கேட்டார்.

"எங்கம்மா போறீங்க எல்லாரும்?"

"மழ இல்ல, தண்ணி இல்ல, பரதேசம் போறோம்" என்றார்கள் பெண்கள்.

"போவாதீங்கம்மா. இருக்கறதப் பங்கு போட்டுக் குடிச்சிக்கலாம். திரும்புங்க."

இதற்குப் பெண்கள் குலவை போட்டுத் திரும்ப வேண்டும். அதுதான் முறை. எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, முன்னால் போய் நின்று கேட்டுவிட்டேன்.

"நெசமாத்தான் சொல்றீங்களா மாமா?"

குலவைக்கு எடுத்த நாக்குகள் அப்படியே நின்றன. அக்கா என் தொடையில் கிள்ளினாள். நான் விடவில்லை. "நாங்க கங்காணியோட குடகுக்குப் போறோம். பங்கு போட்டுக் குடிக்கலாம்னு சொல்றீங்களே, நெசமா, இல்ல இதுவும் சடங்கா?"

மணியக்காரர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"மழைக்கு நான் ஜவாப்தாரி இல்லம்மா. நாளைக்கி என்னன்னும் எனக்குத் தெரியாது. இன்னைக்கிப் பொழுதுக்கு எங்க வூட்ல களி கிண்ட மாவு இருக்குது. அது நெசம். வா."

அடேயப்பா, பெரிய தர்மப் பிரபு, ஒரு வேளைக் களி என்று மனசுக்குள் கறுவிக்கொண்டே வீடு திரும்பினேன். ஆனால் சொன்னபடி பொழுது சாயும்போது அவரே களிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வாசலில் வைத்துவிட்டு, சட்டியைக் கழுவித் தரச் சொல்லி நின்று வாங்கிக்கொண்டு போனார். அவர் புத்தி அது.

மகளுக்கு உருண்டை பிடித்துக் கொடுத்தேன். கொள்ளுச் சாற்றில் தொட்டு விழுங்கினாள். விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினாள், தீர்ந்துவிட்டது, இன்னும் கொடு என்று. எத்தனையோ நாளாக நான் அவள் முகத்தைப் பார்த்திருக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மனசுக்குள் குடகில் அவளுக்குக் குழி தோண்டிக்கொண்டே இருந்தேனே தவிர, எதிரில் உட்கார்ந்து பசிக்கிறது என்று சொல்கிற பிள்ளையைப் பார்க்கவில்லை. பாவி, உயிரோடு இருக்கிறவளுக்கா இத்தனை நாள் ஒப்பாரி வைத்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். அன்றைக்கு அவள் தின்ற களியில் சாமி இருந்தது. நாளைக்கு இருக்குமா என்று நான் கேட்கவில்லை. வேறு மாதிரி சொல்ல எனக்குத் தெரியவில்லை.

மறுநாளும் மணியக்காரர் வந்தார். "இன்னைக்கும் இருக்குதும்மா" என்றார். அதற்கு மறுநாளும் வந்தார். ஒருநாள் களி, ஒருநாள் நீர்த்த கூழ். ஒவ்வொரு நாளும் அன்றைக்கு உள்ளதை மட்டும் சொன்னார், ஒரு நாளைக்குக்கூட முன்கூட்டி வாக்குக் கொடுக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்குத்தான் பொறுக்கவில்லை. "அடுத்தவன் கூழுக்காக ஊர்ல ஒக்காந்திருக்கறதா?" என்று குதித்தார்.

"நாளைக்கிச் சாவறதுக்கு இன்னைக்கே வண்டி ஏறணுமா?" என்றேன்.

முறைத்தார். மறுநாள் விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு சித்தேரி மலையடிவாரத்துக்குக் கிழங்கு தோண்டக் கிளம்பிவிட்டார். சில நாள் கிடைத்தது, பல நாள் கிடைக்கவில்லை. சொன்ன சந்தை நாளில் கங்காணி வந்து, "கெளம்புங்க, வண்டி நிக்குது" என்றபோது, கட்டி வைத்த மூட்டை மூலையில்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார்.

"இன்னைக்கி வல்லீங்க."

"அப்புறம் எப்ப வருவ?"

"அது தெரியலீங்க."

கங்காணி எங்களைப் பைத்தியங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். எங்கள் தெருவிலிருந்தே இரண்டு குடும்பம் அவனோடு போயிற்று. அந்த வண்டி கண்ணுக்கு மறைகிற வரைக்கும் எனக்குப் பயமாகத்தான் இருந்தது. தப்புச் செய்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றேன். பொய் சொல்ல மாட்டேன்.

பிறகு ஒருநாள் மணியக்காரர் வரவில்லை. பொழுது இறங்கியது, ஆளைக் காணோம். அன்றைக்கு எங்கள் அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. நான் அவர் வீட்டுக்குப் போனேன். அடுப்பு மூட்டவில்லை. அவர் பெண்சாதி, மாமி, கூடத்துத் தூணில் சாய்ந்து கிடந்தாள். அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், என் குரல் கேட்டும் திரும்பவில்லை. கொடுக்க ஒன்றுமில்லாமல் என் முகத்தைப் பார்க்க அவருக்கு வெட்கம்.

"எந்திரிங்க மாமா. எங்க வூட்ல கெழங்கு இருக்குது. மாமியையும் கூட்டிட்டு வாங்க."

"வேணாம்மா. அது உம்பிள்ளைக்கி ஆவட்டும்."

"அவளுக்கும் இருக்குது. வாங்க."

வந்தார்கள். இலையில் கிழங்கை வைத்தேன். மணியக்காரர் கை இலைமேல் இருந்தது, வாய்க்குப் போகவில்லை. "நாளைக்கி என்னம்மா பண்றது?" என்றார். ஊரையே அதட்டுகிற குரல் அது. என் மகள் எழுந்து போய், தான் கடித்து மீதி வைத்திருந்த துண்டை அவர் வாயருகில் நீட்டினாள். எச்சில் என்று பார்க்காமல் அவர் வாயைத் திறந்தார். மென்றுகொண்டே அழுதார். நானும் அழுதேன்.