கண்ணாடி இல்லாமல் பெண் பார்த்தேன்

போன வாரம் தென்காசியில் ஒரு சினிமா பார்த்தோம். நான் ஆண்கள் பக்கம், என் மனைவி உலகம்மாள் பெண்கள் பக்கம், நடுவே தடுப்பு. கதாநாயகன் சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கூச்ச சுபாவி. காதலியிடம் மனசைத் திறந்து பேசப் போகிறவன், தெர்மாமீட்டர் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கிவிட்டுத் திரும்பி வருகிறான். கொட்டகையே சிரித்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு மட்டும் தனியாகக் கேட்டது... எனக்குத் தெரியாதா அது யாருடையது என்று?

"அந்தப் பிள்ளையப் பாத்தா உங்க நெனப்புத்தான் வருது" என்றாள், வீடு திரும்பும் வழியில்.

கோபிக்க என்ன இருக்கிறது? வாஸ்தவம்தானே!

கல்யாணத்துக்கு முன் நான் ஹைஸ்கூலில் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடம் விட்டால் ரேடியோ. வால்வு, காயில், ஈயப்பற்று — இவைதான் என் சிநேகிதர்கள். எதிரே நாலு பெண்கள் வந்தால் வேறு தெருவில் திரும்பிவிடுவேன். அது எங்கே போகிற தெரு என்றுகூடப் பார்ப்பதில்லை.

இருபத்தெட்டு வயசாகிவிட்டது. இரண்டு இடம் தட்டிப்போயிற்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றே — மாப்பிள்ளை பூதக்கண்ணாடி போட்டிருக்கிறார், நாளைக்குக் கண் அவிந்துபோனால் என்ன செய்வது?

மூன்றாவதாகப் பாவூர்சத்திரத்திலிருந்து ஒரு வரன் வந்தது. இதுவும் போனால் கல்யாணப் பேச்சையே விட்டுவிடுவது என்று இருந்தேன். ஆனால் என் அக்காள் வீட்டுக்காரர், அதாவது அத்தான், விடுகிற ஆள் இல்லை. எங்கள் பக்கத்தில் சாரல் காலத்தில் குற்றாலத்தில் வைத்துப் பெண் பார்ப்பது உண்டு. இரண்டு வீட்டாரும் ஏதோ குளிக்க வந்தவர்கள் மாதிரி வருவார்கள். குளித்துவிட்டுக் கோயிலில் 'தற்செயலாக'ச் சந்திப்பார்கள். பிடிக்காவிட்டாலும் யாருக்கும் அவமானம் இல்லை பாருங்கள்.

அத்தானின் யோசனையே வேறு. அருவிக்கரையில் எவன் கண்ணாடி போட்டுக்கொண்டு திரிகிறான்? குளிக்கப் போகும்போது வாங்கி மடியில் செருகிக்கொண்டார். குளித்துவிட்டு வந்து கேட்டால் தரவில்லை.

"மாப்ளே, ஒரு அரை மணி நேரம் வாயப் பொத்திக்கிட்டு நில்லு. மத்ததை நான் பாத்துக்கிடுதேன்."

வாயைப் பொத்துவது எனக்குச் சொல்லியா தர வேண்டும்? அத்தான் தோளில் கை போட்டு, பார்க்கிறவர்களுக்குப் பாசம் மாதிரி, என்னைக் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போனார். பெண் பச்சைச் சேலை என்று காதில் சொன்னார். எதிரே பச்சையாக ஒன்று அசைந்தது. தலையைக் குனிந்தேன். மெள்ள நிமிர்ந்தேன். என் ஆயுசிலேயே முதல் தடவையாக ஒரு பெண்ணைப் பார்த்து வாய் நிறையச் சிரித்தேன்.

அது பெண் இல்லை. பச்சைத் துண்டு போர்த்தியிருந்த அவளுடைய சித்தப்பா! அவருக்கு ஒரே சந்தோஷம். பையன் நல்ல மரியாதைக்காரன் என்று அங்கேயே சர்ட்டிபிகேட் கொடுத்துவிட்டார்.

பெண்ணின் அப்பா தங்களுக்குச் சம்மதம் என்றார். மாப்பிள்ளைக்கும் சம்மதம்தான் என்று அத்தான் எனக்குப் பதிலாகச் சொன்னார். அக்காள் வெற்றிலைத் தட்டை எடுத்தாள். அவ்வளவுதான், காரியம் முடிந்தது.

கல்யாணமான மறுநாளே கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தப் பெண் முன்னால் போய் நிற்க வேண்டுமே... ஏமாற்றிவிட்டானே பாவி என்று ஆயுசு பூராவும் நினைக்கமாட்டாளா? நினைத்தால் தப்புத்தான் உண்டா?

"நான் இன்னும் பொண்ணைப் பாக்கலை" என்றேன்.

அத்தான் தோளைப் பிடித்து அழுத்தினார். நல்லவேளை, எனக்கு எவர் முகமும் தெரியவில்லை. தெரிந்திருந்தால் அடுத்த வார்த்தை வந்திருக்காது. கூச்சக்காரர்களே, கவனியுங்கள் — நம் வாயை அடைப்பது எதிராளியின் முகம்தான். கண்ணாடி இல்லாமல் எனக்கு எதுவும் தெரியாது, அது அத்தான் மடியில் இருக்கிறது, இத்தனை நேரமும் நான் பார்த்துச் சிரித்தது யாரை என்றுகூடத் தெரியாது... எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

அவள் அப்பா குரல் உயர்ந்தது. பொய் சொல்லிப் பெண் கேட்க வந்தீர்களா என்றார். அவர் எழுந்த வேகத்தில் வெற்றிலைத் தட்டு சரிந்த சத்தம் கேட்டது. சரி, மூன்றாவதும் போயிற்று என்று நின்றேன்.

அப்போது, நான் எதிர்பார்க்காத திசையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"அண்ணாச்சி, அவுக கண்ணாடியைக் குடுத்துருங்க. போட்டுப் பாத்துட்டுச் சொல்லட்டும். நானும் அவுகளக் கண்ணாடியோட பாக்கணும்லா."

அண்ணாச்சி என்றது அத்தானை. அவர் மடியை அவிழ்த்துக் கொடுத்தார். வாங்கி மாட்டிக்கொண்டேன். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, குனியாமல், நேராக என்னையே பார்த்தபடி நின்றிருந்தாள் உலகம்மாள். அழகா என்று கேட்காதீர்கள். உலகத்தில் இவ்வளவு நல்லவர்கள் இருக்கிறார்களா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

பிடித்திருக்கிறதா என்று அக்காள் கேட்டாள். இப்போதுதான் எல்லோர் முகமும் தெரிகிறதே, எங்கே பேசுவது? கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் அவளையே பார்த்தேன். உலகம்மாள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். அப்புறம் அவள் அப்பா பக்கம் திரும்பினாள்.

"சரின்னுதான் சொல்லுதாக. எனக்கும் சரிதான்."

கோபமாக நின்ற மனுஷர் மகள் முகத்தைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

பத்து வருஷமாகிறது. அன்றைக்கு மட்டும் அவள் வாய் திறக்காமல் இருந்திருந்தால், நான் இன்னும் பெண்களைக் கண்டு தெருத்தெருவாகத் திரும்பிக்கொண்டிருப்பேன். இதற்கு நான் அவளிடம் ஒரு தடவைகூட நேரில் நன்றி சொன்னதில்லை. எத்தனையோ நாள் சொல்லலாம் என்று போவேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

உலகு, ரொம்ப நன்றி.

அச்சிலாவது சொல்லியாயிற்று... இந்தப் பத்திரிகை வீட்டுக்கு வருகிற அன்று மட்டும் நான் எங்காவது வெளியூர் போய்விடுவேன்!